வேகமாகிவிட்ட கணினி

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை எல்லாம் உண்மையாக எழுதப் போகிறேன். உங்கள் இருமல் நின்றதா? கவுஞ்சித் தோட்டத்தில் பூண்டு எடுத்தாயிற்றா? நான் நலம்.

பள்ளியின் பழைய கணினி, புது சிஸ்டம் ஏற்றியதிலிருந்து நகரவே இல்லை. "மேனகா, பெரிசு பெரிசா கெடக்கற ஃபோல்டரெல்லாம் வெரசா அழிச்சு விடும்மா," என்றார் பிரின்ஸி மிஸ். ஒவ்வொன்றும் திறக்க ஐந்து நிமிடம் ஆனது. அதனால், பெயருக்குப் பதில் வெறும் எண்கள் இருந்த ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்க்காமலே அழித்தேன். கணினி வேகமாகிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகுதான், அம்மாவின் முதல் நினைவு நாளுக்கு நீங்கள் கேட்ட படத்தை அச்செடுக்கப் போனேன். போன வருடம் பள்ளி விழாவில் மிஸ் எடுத்த, அம்மா சிரிக்கிற படம். அது நான் அழித்த அந்த எண்களுக்குள் இருந்திருக்கிறது. மிஸ் வெகுநேரம் தேடினார். "வேற காப்பி இல்லையேம்மா," என்றார்.

குளிர் அதிகம். பச்சை ஸ்வெட்டரை அனுப்புங்கள். அம்மாவின் வாக்காளர் அட்டையை, பட்டியலில் பெயர் நீக்க வருபவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். அதில் முகம் மங்கல்தான், சிரிப்பும் இல்லை. ஆனாலும் ஸ்வெட்டருக்குள் சுற்றி அனுப்புங்கள். இனி நான் எதையும் தொலைக்க மாட்டேன்.

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள், அப்பா.

மேனகா