சனிக்கிழமைத் தட்டு

ஜூன் 24, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சொரினாவுக்கு அப்பா எழுதுவது. நீ வேலை செய்யும் அந்த ஆரஞ்சுக் கிடங்கின் குளிர் உன் எலும்புக்குள் இறங்காமல் நீ சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொள்கிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் எல்லோரும் என்றால் இப்போது நானும் பூனை மமலிகாவும் மட்டும்தான் என்பது உறைத்தது, அதில் பாதிப் பேருக்குச் சுகமில்லை. என் முழங்கால் எப்போதும் போலத்தான், படி இறங்கும்போது திட்டும், ஏறும்போது சும்மா இருக்கும். திராட்சைக்கு இரண்டாம் முறை மருந்தடித்துவிட்டேன், மழை இல்லாமல் தக்காளி இலை சுருண்டு கிடக்கிறது, அதைப் பற்றி இவ்வளவு போதும்.

போன மாதம் தொலைபேசியில் பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டாய், நன்றாகத் தின்கிறது, பெருத்துவிட்டது என்றேன். பொய். நீ கேட்ட அதே நிமிடத்தில் அது மேசைக்கு அடியில் முதுகைக் குறுக்கிக்கொண்டு கக்கிக்கொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்று கேட்டாய், தண்ணீர் மோட்டார் என்றேன். மக்காச்சோளக் களி நிறத்தில் இருக்கிறது, மமலிகா என்ற அந்தக் களியின் பெயரே இருக்கட்டும் என்று நீ பெயர் வைத்த அந்தப் பூனை ஐந்து கிலோவிலிருந்து இரண்டு கிலோ தொள்ளாயிரத்துக்கு வந்துவிட்டது, தூக்கினால் கைக்கு எலும்புதான் அகப்படுகிறது. நவம்பரில் ஆரம்பித்தது இது. அம்மா போன துக்கத்தில் ஏங்குகிறது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள், எனக்கே அப்போது ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை, அதனால் நானும் நம்பினேன். முதலில் முடி வந்தது, முடிக்கு ஒரு பசை வாங்கி நக்கவைத்தேன். பிறகு தின்றது தின்றபடியே வந்தது, அவசரமாக விழுங்குகிறது என்று தட்டில் கூழாங்கல் போட்டுக் கொடுத்தேன், கல்லைச் சுற்றிச் சுற்றி நக்கிவிட்டு அதையும் கக்கியது. பிறகு வெறும் மஞ்சள் நுரை. வயிறும் போயிற்று, தண்ணீராக. அம்மா நெய்த கம்பளத்தையெல்லாம் சுருட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன், வீடு முழுக்கச் செய்தித்தாள் விரித்திருக்கிறேன், வந்து பார்த்தால் சுண்ணாம்படிக்கப் போகிறோம் என்று நினைப்பாய். அந்தச் சத்தம் வரும் முன் அது இரண்டு முறை உதட்டை நக்கும், அதைப் பார்த்ததும் பழைய பேசினை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன், என் முழங்காலுக்கு அப்போது மட்டும் வலி தெரிவதில்லை.

நகரத்துக்கு மினிபஸ்ஸில் கூட்டிப் போய் டாக்டர் ஒத்திலியாவிடம் காட்டினேன், சின்ன வயதுப் பெண், கெட்டிக்காரி. ரத்தம் எடுத்தாள், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றாள், ஈரல் நன்றாக இருக்கிறது என்றாள், ஒவ்வொன்றும் நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொல்ல எனக்குப் பயம்தான் கூடியது. ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருப்பது தெரிந்தது. அழற்சியா, அதைவிடக் கெட்டதா என்று அறுத்துப் பார்த்தால்தான் தெரியும், பதின்மூன்று வயதில் இந்த எடையில் மேசையிலேயே போய்விடும் என்றாள். அதனால் முதலில் சாப்பாட்டை மாற்றுவோம் என்றாள். இதுவரை அது தின்றே இருக்காத ஒரே ஒரு இறைச்சி, முயல், உப்பில்லாமல் அவித்து, எட்டு வாரம். "ஒரு சொட்டுப் பால் உள்ள போனாலும் திரும்ப மொதல்லேருந்துதான் பெத்ராக்கே ஐயா, ஞாபகம் வச்சுக்குங்க" என்று விரலை ஆட்டிச் சொன்னாள், என்னைப் பார்த்தால் பூனைக்குத் திருட்டுத்தனமாகப் பால் ஊற்றுகிறவன் போலத் தெரிந்ததோ என்னவோ. ஈஸ்டர் முடிந்த திங்களன்று தொடங்கினேன். தராசில் நிறுத்து நாலு வேளை. அம்மா ஊறுகாய் அளவு எழுதி வைத்திருந்த நோட்டில் பின்பக்கம் காலியாக இருந்தது, அதில் தேதி போட்டு எத்தனை முறை, என்ன நிறம், தின்று எவ்வளவு நேரம் கழித்து என்று ஒன்று விடாமல் எழுதினேன்.

புதன், வியாழன், வெள்ளி பரவாயில்லாமல் இருக்கும், ஞாயிறும் திங்களும் கொட்டித் தீர்க்கும். ஏழு வாரம் இப்படி. நானே கைப்பட எழுதிய தேதிகள், எனக்கு மூளையில் ஏறவில்லை பார். சனிக்கிழமை காலையில் நான் அம்மாவின் கல்லறைக்குத் தூபம் போடப் போகிறேன் அல்லவா, போனால் அங்கே உட்கார்ந்துவிடுவேன், வர மதியம் ஆகும், அதுவரை பூனையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு ஸ்டாங்கா அத்தையிடம் சொல்லியிருந்தேன். முயலைப் பற்றியும் சொல்லியிருந்தேன், முயலைத் தவிர வாயில் எதுவும் படக்கூடாது என்று நாலு முறை சொன்னேன். அம்மாவின் ஆத்மாவுக்காகச் சனிக்கிழமைதோறும் யாருக்காவது சாப்பிடக் கொடுக்க வேண்டிய படையல் தட்டையும் அவளே பார்த்துக்கொண்டாள், "ஆம்பளைக்கு இதெல்லாம் வராது பெத்ராக்கே, நீ தூபம் போடு, தட்டை நான் பார்த்துக்கறேன்" என்றாள். அந்தத் தட்டு யார் கைக்குப் போகிறது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, செத்தவர்கள் பேரில் புதுச் சட்டி கொடுக்கிற நாள், கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நெரிந்தது, அதனால் சீக்கிரம் திரும்பிவிட்டேன். ஸ்டாங்கா அத்தை வீட்டு வாசற்படியில் பூப்போட்ட புது மண்சட்டி, அதில் பால்சோறு, மேலே செர்ரிப் பழம், பக்கத்தில் வட்ட ரொட்டியில் குத்திய மெழுகுவர்த்தி எரிகிறது, மமலிகா தலையைச் சட்டிக்குள் விட்டு நக்கிக்கொண்டிருக்கிறது. அத்தை முக்காடு போட்டுக்கொண்டு, அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்து, "தோம்னிகா, இது உனக்குச் சேரட்டும்" என்கிறாள், பிறகு வாங்கிக்கொள்கிறவர் சொல்ல வேண்டியதைப் பூனைக்குப் பதிலாகத் தானே சொல்கிறாள், "கடவுள் அவ பாவத்தை மன்னிக்கட்டும்" என்று. வேறு யார் வீட்டுக் கதையாக இருந்தாலும் நான் சிரித்திருப்பேன்.

நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அவளுக்கு முதலில் நான் எதற்குக் கத்துகிறேன் என்றே புரியவில்லை. "சாப்பாடுதானே குடுக்கக்கூடாதுன்னே, இது சாப்பாடா? இது படையல், இது பூனை வாயில போனாலும் போறது தோம்னிகாவுக்குத்தானே, அந்தப் பூனைன்னா அவளுக்கு உசிரு, வேற யார் தின்னா அவளுக்கு வயிறு நெறையும்?" என்றாள். ஏழு சனிக்கிழமையும் இதுதானா என்றேன், ஆமாம் என்றாள், ஒரு வாரம் பாலாடைக்கட்டிப் பணியாரம், ஒரு வாரம் கோழிச் சூப்பு. "நீ முயலை அவிச்சு அவிச்சு அதை எலும்பாக்கிட்டே, வாரத்துக்கு ஒரு தட்டுல நான் என்னத்தைக் கெடுத்துட்டேன்? அவ அங்க பட்டினியா கெடக்கட்டும்னு சொல்றியா?" என்று அவளும் விடவில்லை. அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், மகளே. நீ அவளுக்குச் சோறு போடவில்லை, அவள் பூனைக்கு விஷம் வைத்தாய் என்றேன். எழுபத்தாறு வயதுக்காரி, அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டி உடுத்தியவள். மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்ப முதலிலிருந்து தொடங்கினோம். டாக்டர் கூடவே மாத்திரையும் கொடுத்தாள், அதைத் துண்டில் சுற்றிப் பிடித்து வாயைத் திறந்து போட வேண்டும், என் கையெல்லாம் கீறல். ஞாயிறும் திங்களும் பழைய கணக்குக்குக் கக்கியது, பிறகு நின்றது. செவ்வாயிலிருந்து பதினோரு நாள் ஒரு முறைகூட இல்லை. நோட்டில் இல்லை, இல்லை, இல்லை என்று எழுதினேன், எவ்வளவு அழகான சொல் அது. நூறு கிராம் ஏறியது. வெயிலில் படுத்து முகம் கழுவிக்கொண்டது. ஸ்டாங்காதான் காரணம், ஸ்டாங்கா மட்டும்தான் காரணம் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி, அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. பன்னிரண்டாம் நாள், போன சனிக்கிழமை, நான் எங்கும் போகவில்லை, ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது, என் கையால் கொடுத்த முயலைத் தவிர வேறெதுவும் அது தொடவில்லை. நாலு முறை கக்கியது, கடைசி முறை ரத்தக்கோடு. ஞாயிறும் அப்படியே. நேற்றிலிருந்து தின்ன வருவதே இல்லை, தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏறிய நூறு கிராமும் இறங்கிவிட்டது. நேற்று டாக்டரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "வியாழக்கெழம கூட்டிட்டு வாங்க, ஐயா. வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சுட்டு வாங்க" என்றாள். என்ன யோசிக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று மாலையே ஸ்டாங்கா அத்தையிடம் போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அக்கா, உன் பாலால் இல்லை, அதன் குடலிலேயே என்னவோ இருக்கிறது, நான் அன்று பேசியது தப்பு என்றேன். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நீ அதைச் சொன்னதுலேருந்து ரெண்டு சனிக்கெழமையா நான் யாருக்கும் தட்டு வைக்கல பெத்ராக்கே. என் புருஷனுக்கும் வைக்கல. சட்டியை எடுக்கறேன், திரும்ப வச்சுடறேன்" என்றாள். இனிமேல் வை அக்கா என்றேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பூனையையும் என்னால் தேற்ற முடியவில்லை, நாற்பது வருஷப் பக்கத்து வீட்டுக்காரியின் செத்துப்போன ஆட்களையும் நான் பட்டினி போட்டுவிட்டேன். என்னால் முடியவில்லை சொரினா. காலையில் எழுந்து செய்தித்தாளைச் சுருட்டிப் போட்டுப் புதுசு விரிக்கும்போது இது எதற்கு, யாருக்கு என்று கேட்டுக்கொண்டேதான் விரிக்கிறேன்.

ஒரு பூனைக்காக இந்த மனிதன் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறான் என்று நீ நினைக்கலாம். உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். அம்மா போன வருஷம் ஜனவரியிலிருந்தே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியக்கூடாது என்றாள். எனக்கும் தெரியக்கூடாது என்றுதான் கொல்லைச் சமையலறைக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எடுப்பாள், தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. ஊறுகாய் முட்டைக்கோசைக் குறைத்துக்கொள் என்றேன். வசந்தத்தில் மெலிந்துபோனாள், கல்யாணத்தின்போது இருந்த இடுப்பு திரும்ப வந்துவிட்டதே என்று கிண்டல் செய்தேன், அவளும் சிரித்தாள். ஆகஸ்டில்தான் கூட்டிப் போனேன், எல்லாம் பரவிவிட்டது என்றார்கள். பூனை கக்கியதற்கு நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு ஒரு வரி எழுதவில்லை, மகளே. கடைசி நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொஞ்சம் வெளியே நில்லுங்கள் என்றாள், நின்றேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. வியாழக்கிழமை அந்தக் கடைசி ஊசியைப் போடும்போது யார் வெளியே போகச் சொன்னாலும் போக மாட்டேன், அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வியாழன் தாண்டியிருக்கும், அதனால் என்ன செய்யலாம் என்று நீ யோசிக்க வேண்டாம், அழவும் வேண்டாம்.

நீ செய்ய வேண்டியது வேறு. அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், அம்மாவின் டாக்டர் என் தோளில் கை வைத்து, "பொண்ணு இருக்காங்க இல்ல, இது குடும்பத்துல தொடரக்கூடியது, அவங்களையும் ஒரு தடவ வயித்தைக் காட்டிக்கச் சொல்லுங்க, தள்ளிப்போட வேணாம்" என்றார். தலையாட்டினேன். எட்டு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு முறை உன் குரலைக் கேட்கும்போதும் நாக்கு நுனி வரை வரும், சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று திராட்சையைப் பற்றிப் பேசிவிடுவேன். மே மாதம் நீயாகவே சொன்னாய், கொஞ்ச நாளாக நெஞ்சு எரிகிறது அப்பா, காலையில் குமட்டுகிறது, ஆரஞ்சு நிறையத் தின்றுவிட்டேன் போலிருக்கிறது என்று. அதற்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? ஆரஞ்சைக் குறைத்துக்கொள் என்றேன்.

போய்க் காட்டு. இதைப் படித்த மறுநாளே போ, வேலையில் லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டுப் போ, குழாய் விட்டுப் பார்ப்பார்கள், பயப்படாதே, என்ன சொன்னார்கள் என்று அப்படியே எனக்குச் சொல், நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் ஒரு சொல் குறைக்காமல் சொல். தேவமாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் ஆயுசு நீளட்டும், என் ஆயுசிலிருந்து எடுத்துச் சேர்க்க முடியுமென்றால் சேர்க்கட்டும்.

உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்துவிட்ட

உன் அப்பா
பெத்ராக்கே