எனக்கு மட்டும் ஒரு குறையும் இல்லையாம்

என் அன்பு மனைவிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் கடையும் நலம். அங்கே நீயும் மகளும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானாம், மாப்பிள்ளை சொன்னார். மகளின் பிரசவத்துக்கென்று நீ கிளம்பிப் போனது நேற்றுப் போல இருக்கிறது. அதற்குள் அவன் நிற்கவே ஆரம்பித்துவிட்டான்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று பார்க்காதே. போனில் எதைக் கேட்டாலும் நீ "ஒண்ணுமில்லைங்க" என்பாய். அதற்குமேல் எனக்குப் பேச்சு ஓடாது.

மோட்டார் சரக்கு வந்து இறங்கிவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. ஊருக்கெல்லாம் குழாய் விற்கிறவன் வீட்டில் வாளி வைத்திருக்கிறேன், சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெபக்கூட்டத்தில் போதகர் ஐயா புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார். வாரம் ஒருவர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். "என் கண்ணுக்குத் தெரியாத எதை நீங்க என்கிட்ட பார்க்கிறீங்க?" என்று மற்றவர்களைக் கேட்க வேண்டும். யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசக் கூடாது, ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்ல வேண்டும். ஆண்டவர் நமக்கு உணர்த்துவதைப் பாதி நேரம் பக்கத்தில் இருப்பவர் வாயில்தான் வைத்திருக்கிறார் என்றார் ஐயா.

முதல் ஆளாக நான் உட்கார்ந்தேன். எனக்கென்ன பயம்? கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பிறகு ஐயா, சபைக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்த கை என்று ஆரம்பித்தார். நம் கடை மேனேஜர் எழுந்து, "முதலாளிகிட்ட குறையா? ரொம்ப உழைக்கிறீங்க, அதான் குறை" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். வியாபாரம் அமோகமாக நடந்த நாள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் எதிர்க்கடை டைல்ஸ்காரர் உட்கார்ந்தார். என்னிடம் ஊமையாக இருந்த கூட்டத்துக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ! வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறீர்கள் என்றார் ஐயா. நம் மேனேஜர், அதே மேனேஜர், "அண்ணே, நீங்க கண்ணை மூடி ஜெபம் ஆரம்பிச்சா எங்களுக்குக் கடைசி பஸ் போயிடுது" என்றான். ஒரே சிரிப்பு. கடைசியில் அந்த ஆளின் மனைவி எழுந்தாள். "ஊருக்கெல்லாம் இனிக்க இனிக்கப் பேசுவாரு. வீட்ல நான் பேசினா 'உம்'முன்னு ஒரு சத்தம். அந்த உம்முக்கு அர்த்தம் கண்டுபிடிச்சே நான் கிழவியாயிட்டேன்" என்றாள்.

இந்த மனிதர் ஒவ்வொன்றுக்கும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார். மனைவி பேசும்போது சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். முடிந்ததும் அத்தனை பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தோளில் கை போட்டார், ஒருவர் முதுகில் தட்டினார். போன வாரம் எனக்குக் கை மட்டும்தான் கொடுத்தார்கள்.

உன்னிடம் சொல்வதற்கு என்ன? வயிறு எரிந்தது. எனக்கு நேர் எதிரே அவர் டைல்ஸோடு குழாயும் வைத்துக் கடை போட்டபோதுகூட இப்படி எரியவில்லை. அன்று வாடிக்கை போய்விடுமோ என்றுதான் பயம், அதற்கு என்னிடம் சாமர்த்தியம் இருந்தது. இதற்கு எந்தச் சாமர்த்தியமும் இல்லை. திட்டு வாங்கினவனைப் பார்த்துப் பொறாமைப்படும் ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதற்கடுத்த வாரம் அவர் நாலே வரியில் ஜெபத்தை முடித்தார். "அண்ணே, இன்னைக்கு நடந்தே போயிடலாம் போலிருக்கே, இவ்வளவு நேரம் மிச்சம்!" என்று மேனேஜர் கிண்டலடித்தான். என் கடையில் அவன் இப்படி ஒரு நாள் சிரித்து நான் பார்த்ததில்லை. என் கடையில் எதிர்த்துப் பேசினவன் எவனும் நிலைத்ததில்லை, அதனால்தான் கடை நிலைத்தது என்று நான் அடிக்கடி சொல்வேனே, அவனும் கேட்டிருப்பான்.

கூட்டம் கலைந்ததும், நாற்காலிகளை மடக்கி அடுக்குகிற சாக்கில் அந்தத் தம்பதியிடம் நேராகவே கேட்டேன். "எனக்கு மட்டும் ஏன் யாரும் ஒண்ணுமே சொல்லல?"

"உங்ககிட்ட சொல்ல என்ன இருக்கு அண்ணே" என்று டைல்ஸ்காரர் நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். அவர் மனைவிதான், "அக்கா உங்களப் பத்தி என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள். நான் பெருமையாக, "அவளா? கல்யாணமான நாள்லேருந்து ஒரு குறை சொன்னதில்ல" என்றேன்.

அவள் கை நின்றது. "அப்படியாண்ணே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, என் கையில் இருந்த நாற்காலியை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நான் செய்கிற ஜெபத்துக்கெல்லாம் எனக்கு அந்த 'அப்படியாண்ணே'தான் பதிலாக வருகிறது. என்னிடம் இருப்பதைக் காட்டும் ஆண்டவரே என்று முழங்கால் போட்டால், அந்த அம்மாள் முகம்தான் தெரிகிறது.

நான் வியாபாரி. ஒழுகுகிற குழாயைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "என்னய்யா சாமான் கொடுத்தே" என்று கத்துகிறானே, அவன் நம் ஆள், நாளைக்கும் வருவான். ஒன்றும் சொல்லாமல், சிரித்த முகமாக, "பரவாயில்லைங்க" என்று போகிறவனைத்தான் நான் பயத்தோடு பார்ப்பேன். அவன் மனதுக்குள் வேறு கடை பார்த்துவிட்டான் என்று அர்த்தம். கடையில் இதைக் கண்டுபிடித்தவன் வீட்டில் கோட்டைவிட்டேன்.

எப்போது வருகிறாய் என்று கேட்கும்போதெல்லாம், "நீங்க எப்ப வரச் சொல்றீங்களோ அப்ப வர்றேன்" என்கிறாய். இதுநாள்வரை அதைக் கீழ்ப்படிதல் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஆகவே, வா என்று சொல்லமாட்டேன். சொன்னால் வந்துவிடுவாய். எழுது. அந்த அம்மாள் கூட்டத்துக்கு நடுவில் புருஷனைச் சொன்னது போல, கூச்சமில்லாமல், ஒன்றையும் மழுப்பாமல் எழுது. படித்ததும் எனக்குக் கோபம் வரும், வராது என்று பொய் சொல்லமாட்டேன். வந்தால் அது இங்கே நாலு சுவருக்குள் நான் படுகிற பாடு, உனக்கு அது வந்து சேராது. மகளிடம் காட்டினாலும் சரி. அவளுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அவளும் எழுதட்டும்.

உன் கையால் ஒரு திட்டு வந்தால் போதும், எதிர்க்கடையை நான் தைரியமாக நிமிர்ந்து பார்ப்பேன்.

பேரனுக்கு என் முத்தங்கள். மகளையும் மாப்பிள்ளையையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. எழுதும்போது உன் கைக்குப் பயம் வராமல் அவரே பார்த்துக்கொள்வாராக.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்