நீ சொன்ன சாஃப்ட்வேரை ஏன் வாங்கவில்லை என்றால்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் தொடங்குகிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதால் எனக்கு எழுத்து கலங்கித் தெரிகிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். அவளைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது, ஆகவே அவள் சங்கதி இதில் குறைவாகத்தான் வரும், நீயாகச் சேர்த்துப் படித்துக்கொள். பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய பிறகு என்னோடு அச்சகத்தில் உட்கார்ந்து பில் போடுகிறாள். யாராவது வாடிக்கையாளர் உள்ளே வந்தால் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொள்கிறாள், மற்றபடி வேலை சுத்தம்.

நீ அத்தனை சிரமப்பட்டு விசாரித்துச் சொன்ன கணக்கு சாஃப்ட்வேரை ஏன் வாங்கவில்லை என்று போனில் கேட்டாய். அப்போது அப்பா பக்கத்திலேயே நின்றதால் "லைன் சரியில்லை" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கீழே அப்பாவுக்கு அட்டைப்பெட்டி கம்பெனி, எனக்குப் பக்கத்துக் கட்டடத்தில் அச்சகம், உன் சித்தப்பாவுக்குப் பின்புறக் கொட்டகையில் இரண்டு லாரி, ஒரே கேட்டுக்கு மூன்று போர்டு. அது உனக்குத் தெரியும். ஆனால் நீ போன பிறகு கணக்கு எப்படி ஆகிவிட்டது என்று தெரியாது. அப்பாவுடையது பழைய புரோகிராமில், அதைப் போட்டுக்கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. என்னுடையது கம்ப்யூட்டரில் கட்டம் போட்ட ஷீட்டில். சித்தப்பாவுடையது அவர் சட்டைப்பையில். அப்பா பெட்டியில் அச்சடிக்க என்னிடம் கொடுக்கிறார், நான் என் காகிதத்தைச் சித்தப்பா லாரியில் வரவழைக்கிறேன், ஒருவருக்கொருவர் பில் போட்டுக்கொள்கிறோம், ஒன்றும் ஒன்றோடு ஒத்துப்போவதில்லை. "மூணு பேரும் ஒரே கேட்டுல போறீங்க வர்றீங்க, உங்க கணக்கு மட்டும் ஏன் மூணு ஊருக்குப் போகுது?" என்று ஆடிட்டர் கேட்டுவிட்டார். அப்படித்தான் ஒரே சாஃப்ட்வேர் என்ற பேச்சு வந்தது.

முதலில் ஒருவர் வந்தார், விலை குறைச்சல், ஆனால் ஒரு கம்பெனியை மூடினால்தான் அடுத்ததைத் திறக்க முடியும், அப்பா போடும் பில்லை நான் மறுபடி என் பக்கம் அடிக்க வேண்டும். அதற்கு இப்போதிருப்பதே தேவலை என்றேன். பிறகு நீ சொன்னதைக் கொண்டுவந்தவர். கோட்டு போட்டிருந்தார், பேச்சு நன்றாக இருந்தது. அதில் மேலே ஒரு கம்பெனி வேண்டுமாம், மற்றவை அதற்குக் கிளை. அவர் போர்டில் மேலே பெட்டி கம்பெனியை எழுதி அதன் கீழே எங்கள் இரண்டையும் தொங்கவிட்டார். சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "தம்பி, இதுல நான் கடைசிக் கட்டமா, இல்ல இன்னும் கீழ ஏதாவது வருமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார், ஆனால் எனக்கு அதை வாங்க மனம் வரவில்லை. நீ கோபித்துக்கொள்ளாதே, நல்ல சாஃப்ட்வேர்தான், நம் வீட்டுக்கு ஆகாது.

மூன்றாவதாக ஒரு பெண் வந்தாள், தோளில் பெரிய பை, நெற்றியில் வியர்வை. மூன்று கம்பெனியும் தனித்தனியாகவே இருக்கும், ஒருவர் போட்ட பில் அடுத்தவர் பக்கம் தானாகக் கொள்முதலாக ஏறும், கடைசியில் மூன்றையும் சேர்த்தும் பார்க்கலாம் என்றாள். பேச்சு வேண்டாம், உங்கள் பில்லையே போட்டுப் பார்ப்போம் என்று ஒரு மாதத்துப் பில்களைக் கேட்டாள். உன் தங்கைதான் எல்லாம் ஏற்றினாள். பிறகு எல்லோரையும் உட்காரவைத்து, சேர்த்துக் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். அப்பாவுக்கு ஒரு தொகை, எனக்கு ஒரு தொகை, சித்தப்பாவின் வருமானத்துக்கு நேராகப் பூஜ்யம்.

"என்னம்மா, ரெண்டு லாரியும் மாசம் முழுக்கத் தூங்குச்சா?" என்றார் சித்தப்பா. அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள், ஒரே குடும்பத்துக்குள் போட்டுக்கொண்ட பில் ஒன்றை ஒன்று கழித்துவிடும், வெளியாளிடம் வந்தது மட்டும்தான் நிற்கும், சார் ஏற்றுவது முழுக்க நம் சரக்கு என்பதால் அவர் வரிசையில் எதுவும் மிஞ்சாது, தப்பு இல்லை, அப்படித்தான் வர வேண்டும் என்று. அதோடு விட்டிருக்கலாம். உன் அப்பா நாக்கு சும்மா இருக்குமா? "சரியாத்தான்டா காட்டுது, உன் லாரிக்கு டீசல் ஊத்துறதே நாங்கதானே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். சித்தப்பா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மறுநாள் டிரைவரிடம் சொல்லி அனுப்பினார், அவர் கணக்கு எந்த சாஃப்ட்வேரிலும் வராதாம், கொட்டகைக்குத் தனி கேட்டு வைக்கப் போகிறாராம். மேலே சாப்பிட வருவதையும் நிறுத்திவிட்டார். கொத்தனார் வந்து பின்சுவரை அளந்துவிட்டுப் போனதை நானே பார்த்தேன். அப்பா "வச்சுக்கட்டும், யார் வேண்டாம்னா" என்றார், அன்று காபியில் சர்க்கரை போட மறந்து அப்படியே குடித்தார்.

அதற்குள் இன்னொரு தலைவலி. அந்தப் பெண் விட்டுப்போன சோதனைக் கணக்கில் சிவப்பாக ஒரு நீளப் பட்டியல் வந்து நின்றது, பெட்டி வெளியே போயிருக்கிறது, ஏற்றிப்போனதற்கு லாரி பில் இல்லை என்று. தங்கை எதையோ விட்டுவிட்டாள் என்று முதலில் அவளைத்தான் திட்டினேன், அவள் எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்த்தாள். பட்டியல் குறையவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து உங்கள் சாஃப்ட்வேர் உளறுகிறது என்றேன். "மேடம், பெட்டி நடந்து போகாது இல்லையா, ஓட்டினவரைக் கேளுங்க" என்றாள்.

கொட்டகைக்குப் போனேன். சித்தப்பா லாரியின் முகப்பைத் தூக்கிவைத்து எஞ்சினுக்குள் குனிந்திருந்தார். பட்டியலைப் படித்ததும் "அதெல்லாம் அவசரத்துக்குப் போனது அண்ணி, பில் கிடையாது" என்றார். ஏன் கிடையாது என்றேன். "என்ன அண்ணி கேள்வி இது? அண்ணன் அவசரம்னு கூப்பிடுறார், போறேன். அதுக்கெல்லாம் பில் போட்டா நான் தம்பியா, டிரான்ஸ்போர்ட்டா?" என்று ஸ்பேனரைத் துடைத்தார். எத்தனை வருஷமாக என்று கேட்டதற்கு லாரி வாங்கினதிலிருந்து என்றார். நான் திரும்பினால், அடுக்கிய அட்டைக்கு அந்தப் பக்கம் உன் அப்பா நிற்கிறார், லோடு பார்க்க வந்தவர். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. என்னைப் பார்க்காமல் உள்ளே போய், அந்தப் பெண்ணுக்குத் தானே போன் போட்டு அவள் சாஃப்ட்வேரையே வாங்கிக்கொள்கிறோம் என்றார். பிறகு, சேர்த்துக் காட்டும்போது கழித்துவிடுவதற்கு முன்னால் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று தெரிய ஒரு பக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். அது முதலில் திறக்கட்டும் என்றார்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். சரி, வருகிறேன், ஆனால் அந்தச் சிவப்புக்கெல்லாம் செத்தாலும் பில் போடமாட்டேன் என்றார். பில் இல்லாமல் சாஃப்ட்வேர் விடாது. பூஜ்யம் என்று போடலாமாம், ஆனால் பக்கத்தில் காரணம் அடிக்க வேண்டும், காலியாக விட்டால் ஏறாது. காரணம் கேட்டுவர உன் தங்கையை அனுப்பினேன். அவள் அங்கே போய் வாய் திறக்க எவ்வளவு நேரம் ஆனதோ, வந்து உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். எல்லா வரிக்கும் ஒரே வார்த்தை. என்ன சொன்னார் என்று கேட்டேன். எஞ்சினிலிருந்து நிமிராமலே "அண்ணன்னு போடு பாப்பா" என்றாராம்.

சாயங்காலம் அப்பா வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். திரையில் பட்டியலைக் கீழே தள்ளச் சொன்னார், இன்னும் கீழே, கடைசி வரைக்கும். "இதை யாரும் மாத்தக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் கொட்டகையிலிருந்து சத்தம் வந்தது, பின்டயர் தேய்ந்துபோனதை ஏன் சொல்லவில்லை என்று இவரும், கண் இருந்தால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று அவரும். நான் போய் விலக்கவில்லை. சாப்பாட்டுக்குத் தட்டு ஒன்று கூடுதலாக வைத்தேன்.

ஆடிட்டர் இதெல்லாம் ஒரு காரணமா என்று முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும். நீ சித்தப்பாவுக்கு ஒரு போன் செய், இதைப் பற்றி எதுவும் கேட்காதே, டயரைப் பற்றிக் கேள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்து, நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

(எழுதியது தங்கை. அண்ணா, கொத்தனாரைத் திரும்ப வர வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். இதை அம்மா சொல்லவில்லை, நானே எழுதினேன்.)