தில்லையடிச் சிலையின் கண்கள்

2010 ஆகஸ்ட் 3, செவ்வாய். தன்னாமுனை.

கச்சான் காற்று. காலை பத்து மணிக்கே அனல். இருப்பது பிலோமினா வீட்டில். கொழும்பு ஸ்டூடியோவில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள், கல்யாணம் முடித்து இங்கே வந்துவிட்டாள். சண்டை முடிந்தது, பாதை திறந்தது, வா வா என்று ஒரு வருடமாகப் போனில் நச்சரிப்பு. வந்துவிட்டேன். லீவு கேட்டபோது முதலாளி முகம் போன போக்கு! நினைத்தால் இப்பவும் சிரிப்பு.

வேலை ஒன்றுதான்: தெருவில் நிற்கிற சிலைகள், சுவர்ப் படங்கள். பொழுது சாய்கிற வாவி வேண்டாம். அதை எல்லாரும் எடுக்கிறார்கள்.

இன்று கிடைத்தவை:
– சந்தியில் சீமெந்து மீன். வாலில் யாரோ ஈரத் துவாய் காயப் போட்டிருந்தார்கள். துவாயோடு எடுத்தேன்.
– பள்ளிக்கூட மதில். கை கழுவும் பிள்ளை. பக்கத்தில், மிதிவெடியைத் தொடாதே என்று விரல் காட்டும் பிள்ளை. இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே சட்டை.
– வாசிகசாலைச் சுவரில் யானை. கால் ஐந்து. பி. ஒன்றைத் தும்பிக்கை என்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை.

பாலத்தடியில் ஒரு ஆமிக்காரன் மறித்தான். சின்ன வயது. "போட்டோ ஏன்?" கேமராவைத் திருப்பிக் காட்டினேன். மீன், துவாய், யானை. சிரித்துவிட்டான். தன்னையும் ஒன்று எடுக்கச் சொன்னான், அம்மாவுக்கு அனுப்பவாம். எடுத்தால் கண்ணை மூடிவிட்டான். மறுபடி எடுத்தேன், மறுபடி மூடினான். விலாசத்தை வாங்கிக்கொண்டேன். என் பிழைப்பே அதுதானே, படத்தில் கண் மூடியவர்களுக்குத் தூரிகையால் கண் வைப்பது. எத்தனை மாப்பிள்ளைகளுக்கு வைத்திருப்பேன்!

இரவு மீன் சொதி. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 4, புதன்.

பி.யின் கணவர் அன்ரனின் ஓட்டோவில் தெற்கே. காத்தான்குடியில் பி. பாவாடைத் துணி பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குருக்கள்மடம் ரோட்டில் கொஞ்சத் தூரம் போய்க் கடல் பக்கம் திரும்பினோம். தில்லையடி. சின்ன ஊர். கோயிலும் உண்டு, மாதா சுரூபமும் உண்டு. சுனாமி பாதி வீடுகளைக் கொண்டுபோன ஊர்.

கரையில் தோணிகள். அவற்றுக்குப் பின்னால் சுனாமி நினைவுச் சிலை.

ஆளுயரத்துக்கும் மேல். சீமெந்து, வெள்ளைப் பூச்சு. ஒரு பெண் நெற்றிக்கு மேல் கை வைத்து நிற்கிறாள். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி ஒரு பெண்பிள்ளை, இரட்டைப் பின்னல், ரிபன் கட்டு. இரண்டு பேருக்கும் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் முட்டை மாதிரி வெறுமையாக.

எனக்குப் புல்லரித்துவிட்டது. முழந்தாளிட்டு எடுத்தேன், மணலில் படுத்து எடுத்தேன். அன்ரனுக்கு ஒரு பிரசங்கமே வைத்தேன். என்ன கற்பனை, அழுது அழுது பார்வை போன தாய், இந்தச் சிற்பி பெரிய ஆள், இப்படி, அப்படி. சிலையடியைக் கூட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"அது கற்பனையும் இல்ல ஒண்டுமில்ல தங்கச்சி. இன்னும் வேல முடியல்ல."

மானம் கப்பலேறியது. அன்ரன் கடல் பக்கம் திரும்பி நின்று சிரித்தார், தோள் குலுங்கியது.

அக்கா பெயர் பூமணி. சுனாமியில் அவருடைய மகள் தர்சி போனாள். உடல் கிடைக்கவில்லை. சிலையில் உள்ள பிள்ளையின் பின்னலும் ரிபன் கட்டும் தர்சியுடையவைதான். இப்படித்தான் கட்டுவேன் என்று பூ. அக்கா கட்டிக் காட்ட, சிற்பி பார்த்துச் செய்தாராம். தினமும் காலையில் வந்து கூட்டுகிறார். புதைத்த இடம் என்று ஒன்று இல்லாதவருக்குப் போக இதுதான் இடம்.

கண் வைக்காத கதை: சிற்பாசாரி யோகநாதன் கோயில் கோபுரத்துக்குப் பொம்மை செய்கிறவர். கண் திறந்தால் உயிர் வந்த மாதிரி, பிறகு பூசை வைக்க வேண்டும், சும்மா விட்டால் ஊருக்குக் கூடாது என்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். சரி, பூசை வைப்போம் என்றது கோயில் பக்கம். பூசை வைத்தால் அது உங்கள் சாமி, எங்கள் பிள்ளைகளும்தானே செத்தது என்றது மாதா பக்கம். ஃபாதர் வந்து மந்திரிக்கட்டும் என்றால் கோயில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு வருடம் இப்படியே. இப்போது மீனவர் சங்கம் சொல்லிவிட்டதாம், வரும் ஞாயிறு கூட்டம், அன்று முடியாவிட்டால் சிலையை இடித்துவிட்டு வெறும் தூண் ஒன்று கட்டுவது.

"தூணுக்கு ரிபன் கட்ட ஏலுமா?" என்று கேட்டார் பூ. அக்கா.

ஆகஸ்ட் 5, வியாழன்.

காற்று இன்னும் விடவில்லை. செருப்பு வார் அறுந்தது. டவுனில் தைத்தேன்.

அங்கேயே ஒரு ஸ்டூடியோவில் சிலையில் உள்ள பிள்ளையின் முகத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்தேன். கடைக்காரரிடம் மெல்லிய தூரிகையும் கறுப்பு மையும் கடன். ஓரத்து மேசையில் உட்கார்ந்து கண் வைத்தேன்.

நான் வைத்ததில் நல்ல கண் இது. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வெறும் முகத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வந்து நின்றாள், இப்போதே ஏதோ கேட்கப் போகிறவள் மாதிரி. கடைக்காரர் தேத்தண்ணி வாங்கித் தந்தார். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். பி. பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இரிக்கு. ஆனா நீ ஆரக் கேட்டு வைச்ச?" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, வெள்ளி.

பி. சொன்னதுதான் சரி.

மறுபடி தில்லையடி. பூ. அக்காவிடம் அவர் வீட்டு வாசலில் படத்தை நீட்டினேன். வாங்கினார், பார்த்தார், முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மறுபடி பார்த்தார். சந்தோஷம் என்று நினைத்தேன் நான், மடச்சி.

"ஆரக் கேட்டு வைச்ச நீங்க?"

"இல்லையக்கா, சிலைக்குக் கண் வைத்தால் எப்படி இருக்கும் என்று..."

"இது என்ட புள்ளட கண்ணா? நீங்க என்ட புள்ளயக் கண்டீங்களா?" பெரிய சத்தம். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "ஆம்பிளையள் ஒரு வருஷமாச் சண்ட புடிக்காங்க, ஒருத்தரும் என்னக் கேக்கல்ல. நீங்களும் கேக்கல்ல."

மன்னிப்புக் கேட்டேன். அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. படத்தோடு வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தேன், போவோம் என்றேன். அன்ரன் கிளப்பவில்லை. பொறுங்க, பொறுங்க என்றார். நல்ல மனுஷன்.

கொஞ்ச நேரத்தில் பூ. அக்காவே வந்தார். கண் சிவந்திருந்தது. படத்தை என் மடியில் வைத்தார். பிள்ளையின் இடது கன்னத்தில், நான் வைக்காத ஒரு கறுப்புப் பொட்டு. விரலால் வைத்தது, கொஞ்சம் கோணல்.

"இது இல்லாம நான் அவளப் படலைக்கு வெளிய விட்டதில்ல. பெரிய புள்ளயாகிட்டன், பள்ளிக்கூடத்தில சிரிக்காங்க எண்டு அழிப்பாள். மறுகாவும் வைப்பன். நாவூறு பட்டிரும், கண் பட்டிரும் எண்டு பயம் எனக்கு." சேலையில் விரலைத் துடைத்தார். "இப்பதான் புள்ள மாதிரி இரிக்கு."

படத்தைப் பார்த்தேன். உண்மை. என் கண்கள் வெறும் அழகு. அந்தப் பொட்டு வந்த பிறகுதான் அது ஒருத்தியின் மகள்.

"சிற்பாசாரியிட்டக் காட்டுங்க" என்றார். "நான் காட்டினா அழுதிருவன்."

ஆகஸ்ட் 7, சனி.

சிற்பாசாரியைத் தேடி. வீட்டில் இல்லை. ஒரு கோயில் கோபுரத்தில் சாரத்துக்கு மேல் இருந்தார். இறங்கவே மனமில்லை. வாய் நிறைய வெற்றிலை. "அந்தச் சிலைக் கதையா? நான் ஒண்டும் கதைக்கமாட்டன்" என்று மேலிருந்தே சொன்னார். வெயிலில் நின்றோம். பி. கீழே நின்று, நாங்கள் கொழும்பிலிருந்து வந்திருக்கிறோம் என்று கூசாமல் பொய் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை பொய், எனக்கு உண்மைதான். இறங்கினார்.

படத்தைக் கொடுத்தேன். கண்ணைப் பார்த்ததும் முகம் சுளித்தார், என் வேலைக்கு அவ்வளவுதான் மரியாதை. பிறகு கன்னத்தைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

"இத ஆர் வைச்ச?"

"பூமணியக்கா."

"நாவூறுப் பொட்டு." தனக்குத்தானே சொல்கிற மாதிரி. சாரத்துக் கம்பில் சாய்ந்துகொண்டார். "நான் செய்த ஒரு சாமிக்கும் நாவூறுப் பொட்டு வைச்சதில்ல. சாமிக்கு ஆர் நாவூறு பாக்கிற? அதுதானே மத்தவங்கட நாவூறக் கழிக்கிற."

பி. சும்மா இருக்க மாட்டாள். "சில இடத்தில கிருஷ்ணருக்கு வைக்காங்களே ஐயா?"

"அது கோயில்காரர்ட வேல. நான் சொல்றது என்ட வேல." அதட்டல். ஆனால் கோபம் இல்லை. "தாய் வந்து முதல் பொட்டு வைக்கட்டும். பொட்டு வைச்சா மனிசப் புள்ள. மனிசப் புள்ளைக்கித் தூரிகையால கண்ணக் கீறுறதுக்குப் பூசையும் தேவையில்ல, ஃபாதரும் தேவையில்ல. நாளைக்கிக் கூட்டத்துக்கு முதல் வாறன்."

இப்படி ஒரு வழி இருக்கிறதை ஒரு வருடமாக ஏன் யோசிக்கவில்லை என்று கேட்க வாய் வந்தது. பி. என் கையைக் கிள்ளினாள். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, ஞாயிறு.

காற்று அடங்கிய காலை. கடல் தட்டையாக. தேவாலயத்தில் பூசை முடிந்து வெள்ளை உடுப்போடு மாதா பக்கத்துப் பெண்கள் நேரே கரைக்கு வந்துவிட்டார்கள். கோயில் பக்கத்துப் பெண்கள் முன்பே வந்திருந்தார்கள். சங்கத் தலைவர் நாற்காலி போட்டு, கை கட்டி, நம்பாத முகத்தோடு.

சிற்பாசாரி வந்தார். புதுச் சாரம் உடுத்தியிருந்தார். தலைவரிடம் பொட்டு விஷயத்தைச் சொன்னார். தலைவர் தாடியைச் சொறிந்தார். வெள்ளைச் சட்டை அக்கா ஒருவர், றோசலினாம், "எனக்கும் எங்கட அம்மா வைச்சவதானே, முதல் நன்மை எடுக்க ஃபாதரிட்டப் போகக்குள்ளயும் வைச்சா. இதில என்ன சமயம்?" என்று சத்தமாகவே கேட்டார். பெண்கள் சிரித்தார்கள். தலைவர் எழுந்து, சரி, செய்யுங்க என்றார். அவ்வளவுதான். ஒரு வருடச் சண்டை, இரண்டு வசனத்தில்!

றோசலினும் இன்னும் இரண்டு பேரும் ஏணியில் ஏறித் தாய்ச் சிலையின் கன்னத்தில் ஒவ்வொரு பொட்டு வைத்தார்கள், பெரியவளுக்கும் நாவூறு படும்தானே என்று. பூ. அக்கா ஏணியில் ஏறிப் பிள்ளையின் கன்னத்தில் வைத்தார். இடது பக்கம். கொஞ்சம் கோணல்.

தாயின் கண் முதலில். கடலைப் பார்க்க வேண்டாம் என்று பெண்கள் எல்லாரும் ஒரே குரலில். பிள்ளையைக் குனிந்து பார்க்கிற மாதிரிக் கீறினார் சிற்பாசாரி.

பிறகு பிள்ளையின் முறை. தூரிகையைத் தோய்த்துக்கொண்டு கேட்டார். "புள்ள எங்க பாக்கணும்?"

அவர் பூ. அக்காவைக் கூப்பிட்டார். "நீங்க வந்து முன்னுக்கு நில்லுங்க."

"ஐயோ, நான் ஏலா. புள்ளயப் பறிகுடுத்தவ முதல்ல முன்னுக்கு நிக்கிறதா? கண் திறக்கக்குள்ள அது கூடாதே."

"இது கண் திறப்பு இல்ல பூமணி. நில்லுங்க. உங்களப் பாத்துத்தான் கீறப் போறன்."

றோசலின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினார். மணலில், பிள்ளைக்கு நேரே. பூ. அக்கா சேலையைச் சரிசெய்தார், தலையைக் கையால் படிய வாரினார். சிற்பாசாரி அவரைப் பார்ப்பார், திரும்புவார், ஒரு கோடு. பார்ப்பார், ஒரு கோடு. நான் கேமராவைக் கண்ணில் வைத்தபடி நின்றேன். என் கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியவில்லை. எடுத்தேனா என்றுகூட நினைவில்லை.

அவர் ஏணியை விட்டு இறங்கி விலகினார்.

பிள்ளை பூ. அக்காவைப் பார்த்தது. பூ. அக்கா இடுப்பில் கை வைத்தார். நல்ல கோபம் குரலில்.

"இவ்வளவு நாளும் எங்கடி போன நீ?"