வேடம் மாற்றிய டீச்சருக்கு

டீச்சர்,

இன்று காலை மருமகள் கைபேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறதாம், எல்லோருக்கும் அனுப்பச் சொல்லி ஒரு செய்தி. யார் பார்த்தது என்று கேட்டேன். யாரோ அனுப்பினார்கள் என்று சொல்லிச் செய்தியை அழித்துவிட்டாள். எனக்கு உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். பள்ளி ஆண்டுவிழாவில் ஆசிரியைகள் நாமே நடிப்பதென்று முடிவாகி, பழைய வெளிநாட்டு நாடகம் ஒன்றை நீங்கள் தமிழில் எழுதினீர்கள். சில பெண்கள் பயந்து அலற, ஊரே அந்த அலறலை நம்பி, அப்பாவிகளைச் சூனியக்காரர்கள் என்று தூக்கிலேற்றும் கதை. இதெல்லாம் எந்தக் காலத்துச் சங்கதி, நம் ஊருக்கு ஒட்டாது என்று நான் பெரிய மேதாவிபோல் சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டே எனக்கு நீதிபதி வேடம் கொடுத்தீர்கள்.

அந்த வாரம் தீபத் திருவிழா. பிள்ளை பிடிக்கிறவன் சுற்றுகிறான் என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. ஒத்திகை முடிந்து நாம் இருவரும் மாட வீதியில் வரும்போது நீங்கள் பூ வாங்க நின்றுவிட்டீர்கள், நான் முன்னால் நடந்தேன். எதிரே அழுக்கு வேட்டியோடு ஒரு மனிதன், கையில் வீறிட்டு அழும் குழந்தை, பக்கத்தில் தாயைக் காணோம். கண்மூடித் திறப்பதற்குள் அவனைச் சுற்றி ஐம்பது பேர். ஒருவன் குழந்தையைப் பிடுங்கினான். அடி விழத் தொடங்கியது.

நீங்கள் பூப்பொட்டலத்தோடு கூட்டத்துக்குள் புகுந்தீர்கள்.

"இவரு புள்ளைய தூக்கினத பாத்தவங்க யாரு? முன்னாடி வாங்க."

ஒருவரும் வரவில்லை. யாரோ கத்தினார்கள், அதனால் வந்தோம் என்றார்கள்.

"எம் புள்ளைதாம்மா. சம்சாரம் கரும்பு வாங்கப் போயிருக்குது" என்று அவன் விம்மினான். அதற்குள் பக்கத்து ஊரான கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த அவன் மனைவி கரும்போடு ஓடிவந்தாள். வேண்டிப் பெற்ற பிள்ளையைக் கரும்பில் சேலைத் தொட்டில் கட்டிக் கோயிலைச் சுற்றிச் சுமப்பவர்களை வருஷா வருஷம் பார்க்கிற ஊர் இது. அன்று ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அடித்தவர்களில் இரண்டு பேர் வெட்கப்பட்டுக்கொண்டே தொட்டில் கட்ட உதவினார்கள். தொட்டிலில் போட்டதும் குழந்தை தூங்கிவிட்டது. அதை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

மறுநாள் ஒத்திகையில் நீதிபதி வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, முதலில் அலறும் பெண்ணின் வேடத்தை என்னிடம் தந்தீர்கள். காரணம் நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"நிதானமா பண்ணுங்க. உங்களுக்கு வரும்" என்றதோடு சரி.

எல்லோரும் மெச்ச நடித்தேன். மாட வீதியில் நடந்ததைப் பற்றிக் கடைசிவரை நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நம் சிநேகம் துளியும் குறையவில்லை. அதற்காகவே உங்கள்மேல் எனக்குத் தீராத பிரியம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன் டீச்சர்: அன்று மாட வீதியில் முதலில் கத்தியது நான்தான்.