நட்சத்திரம் போட்ட கேள்வி

மார்ச் 6, ஞாயிறு

காலையிலேயே வெயில். கெரசின் வாங்க மறந்தாச்சு. பூசை முடிந்து மாதா கோயில் ஹாலில் எம்.பி. கூட்டம். பாதி அம்பத்தூர் மனுவோடு வரிசையில்: சாக்கடை, தண்ணீர் லாரி, தெருவிளக்கு. நான் பின்வரிசை. அரசியல்வாதி பேச்சென்றால் எனக்குக் கொட்டாவிதான்.

திடீரென்று என் தங்கை ஸ்டெல்லா எழுந்தாள். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட என்னை இடிக்கிறவள். அவள் புருஷன் அருள் ராணுவத்தில்; போன வருஷம் இலங்கைக்கு அனுப்பினார்கள். பொங்கலுக்கப்புறம் கடிதம் இல்லை.

"சார், எங்க ஊட்டுக்காரர சண்டைக்கு அனுப்பறப்போ உங்க சபையில கேட்டாங்களா? நீங்க கை தூக்கினீங்களா?"

எம்.பி. கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்லம்மா. அனுப்பிட்டு சொன்னாங்க. அனுப்பலாமான்னு கேக்கல."

மழுப்புவார் என்றுதான் நினைத்தேன். மழுப்பவில்லை. எத்தனை பேர் போனார்கள், எப்போது திரும்புவார்கள் என்று தானே சபையில் கேட்பதாகச் சொன்னார். தகவல் சொல்ல போன் நம்பர் கேட்டார். பக்கத்து மெடிக்கல் ஷாப் நம்பர் கொடுத்தோம்.

வீடு வரும்வரை ஸ்டெல்லா என் முந்தானையை விடவில்லை.

மார்ச் 18, வெள்ளி

சிலுவைப் பாதை. கவிச்சி கிடையாது, கத்திரிக்காய்க் குழம்பு. மெடிக்கல் ஷாப்புக்கு எம்.பி.யின் உதவியாளர் போன். கேள்வியை எடுத்துக்கொண்டார்களாம். வியாழன் வருகிறதாம், நட்சத்திரம் போட்டு.

நட்சத்திரம் போட்டால் மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். மேற்கொண்டு குடையலாம். போடாவிட்டால் காகிதத்தில் பதில், அத்தோடு சரி. ஸ்டெல்லாவுக்கு இந்த வருஷம் கிறிஸ்துமஸ் இப்போதே வந்துவிட்டது.

"மந்திரியே எய்ந்து நிப்பாராக்கா?"

நிப்பாருடி.

மார்ச் 24, வியாழன்

இரண்டு பேரும் வேலைக்கு மட்டம். ரேடியோ முன்னால் உட்கார்ந்தோம். உரம், பூச்சிமருந்து, சினிமாப் பாட்டு. சபையில் பேசுவதை ரேடியோவில் அப்படியே போட மாட்டார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நல்ல கூத்து.

மத்தியானம் மெடிக்கல் ஷாப்காரர் தெருவிலிருந்தே கத்தினார். "ஸ்டெல்லாம்மா, டெல்லிலேர்ந்து போனு! லைன்லயே கீறாங்க, ஓடியா!"

கேள்வி ஞாபகமே வரவில்லை எங்களுக்கு. டெல்லி என்றதும் அருளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தோம். ஸ்டெல்லாவை இடுப்பைப் பிடித்து இழுத்துப் போனேன். ரிசீவரில் இரண்டு பேர் காதும்.

எம்.பி.தான்.

"நம்ம கேள்வி வரிசையில கீழ இருந்துதும்மா. அதுக்குள்ள நேரம் முடிஞ்சிட்டுது. காகிதத்துல பதில் வெச்சாங்க. உரிய நேரத்துல தெரிவிப்பாங்களாம், அவ்ளோதான். என்னால முடியலம்மா."

"போன போட்டு எங்கள கொன்னுட்டீங்களே சார்!" மூச்சு வாங்கினாள். பிறகு உடனே, "மறுபடி கேப்பீங்க இல்ல?"

"கேக்கறேம்மா."

முடியவில்லை என்று சொல்ல டெல்லியிலிருந்து டிரங்க் கால் போட்ட மனுஷன். மனசார ஒரு கும்பிடு. ஸ்டெல்லாவுக்கு அதைவிடப் பெரிசாக. பயந்தாங்கொள்ளி என்று இவளைத்தானா இத்தனை வருஷம் கேலி செய்தேன்!

மார்ச் 28, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. அருள் கடிதம்!! உயிரோடு இருக்கிறான். காலில் அடி, ஆறிவிட்டதாம். ஈஸ்டருக்கப்புறம் லீவு. ஸ்டெல்லா அழுதாள், சிரித்தாள், சோற்றைக் குழையவிட்டாள். மாதாவுக்கு மெழுகுவர்த்தி வாங்க வேண்டும்.

மத்தியானம் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். எங்கேடி?

"மெடிக்கல் ஷாப்புக்கு. எம்.பி. ஆபீஸுக்கு போனு போடணும். மறுபடி எப்போ கேக்கப்போறாருன்னு."

அதான் அருள் வரானே, அந்த மனுஷனை ஏன் தொல்லை பண்ணற, விடு என்றேன்.

கெட்ட வார்த்தை சொன்னதுபோல் என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா பேசற? அவரு கூட சண்டைக்கு போனவங்க ஊட்லயும் பொண்டாட்டிங்க கீறாங்க இல்ல?"