கல்வெட்டில் என் தந்தையைச் சமையல்காரர் என்றே பொறிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
க. பூங்கொடி (கணவர் பெயர்: ஆல்வின்),
பூங்கொடி மெஸ்,
சரவணம்பட்டி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
தாராபுரம்.

பொருள்: செம்மேட்டுவலசு படைவீரர் நினைவு அரங்கம் – காலஞ்சென்ற என் தந்தை கருப்புசாமி அவர்களைப் பற்றிய தவறான பெருமையை நீக்குதல், அவரது கரண்டியை உரிய இடத்தில் வைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இல்லாததையும் பொல்லாததையும் சொல்லிவிட்டார்கள் என்று தங்களிடம் மனுக்கள் வருவது வழக்கம். இல்லாத நல்லதைச் சொல்லிவிட்டார்கள் என்று வரும் மனு இதுவே முதலாவதாக இருக்கலாம். பொறுமையுடன் படித்தருளக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. வரும் குடியரசு தினத்தன்று தாங்கள் மேற்படி அரங்கத்தைத் திறந்துவைக்க இருக்கிறீர்கள். அதற்குள் கல்லில் எழுத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டிய பிறகு யாரிடம் போய் நிற்பது?

1. என் தந்தை தாராபுரம் வட்டம், செம்மேட்டுவலசு கிராமம், ஊருக்கு ஒதுக்குப்புறமான கிழக்கு வளவுக் குடியிருப்பைச் சேர்ந்தவர். ஊரில் பண்ணையத்துக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிப் பட்டாளத்தில் சமையல்காரராகச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அவர் சமையல்காரர்தான். பயிற்சியின்போது துப்பாக்கி பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. மற்றபடி பட்டாளத்தில் தாம் சுட்டது சப்பாத்தி மட்டும்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

2. அவர் ஊருக்குக் கொண்டுவந்தவை பெயர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி, சில பதக்கங்கள், கம்பளி மப்ளர், ஓர் இரும்புக் கரண்டி. பதக்கங்கள் பெட்டியின் அடியில் கிடந்தன. கரண்டி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. ஆயுத பூஜையன்று மற்ற வீடுகளில் மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டில் கரண்டிக்கு.

அந்தக் கரண்டியின் வாய் ஒரு பக்கம் மடங்கியிருக்கும். லடாக்கில், குளிர்காலத்தில் பாதை அடைபட்டுப்போன ஒரு மலை முகாமில், தண்ணீர் வேண்டுமென்றால் பனிக்கட்டியைக் கொத்தி உருக்க வேண்டும். கொத்தும் கருவி முறிந்துபோன ஒரு காலையில் என் தந்தை கரண்டியால் கொத்தினார். கரண்டி வளைந்தது, சோறு நேரத்துக்கு வெந்தது. வளைந்த கரண்டி கணக்கில் சேராது என்று ஸ்டோரில் கழித்துக் கட்டியதை, அவர் ஆசையாகக் கேட்டதால் அதிகாரி அவரிடமே கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டு வீரக்கதை இவ்வளவுதான். இதற்கு மேல் எங்களுக்குத் தேவையும் இல்லை.

3. அதே பட்டாலியனில் எங்கள் ஊரைச் சேர்ந்த ஹவில்தார் திரு. லட்சுமணசாமி அவர்களும் இருந்தார். என் தந்தை முன்பு கூலிக்குப் போன பண்ணையம் அவர் குடும்பத்துடையது. அந்த மலை முகாமில் அவருக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. எதைத் தின்றாலும் குமட்டியது, ஆள் துரும்பாக இளைத்துவிட்டார். என் தந்தை அவருக்காகக் குக்கரில் அரிசிம்பருப்பு சாதம் குழைய ஆக்கி, கரண்டியால் மசித்துக் கொடுத்தார். அது தங்கியது. அதன் பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் தட்டோடு சமையற்கூடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்வாராம்.

ஊரில் அவர்கள் வீட்டு வாசலில் என் தாத்தா தண்ணீர் குடிக்க வேண்டுமானால், குனிந்து இரண்டு கையையும் ஏந்த வேண்டும். அங்கே என் தந்தைக்கு முன்னால் அவர் தட்டை நீட்டினார் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இருவரும் ஒன்றாக விடுப்பில் வந்தபோது, தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் என் தந்தையிடம், “கருப்புசாமி, அங்க சாப்புட்டதெல்லாம் ஊருக்குள்ள சொல்லிக்க வேண்டாம், என்ன?” என்றார். என் தந்தை “சரிங்க” என்றார். என் அம்மா ராமாத்தாளைத் தவிர வேறு யாரிடமும் அவர் சொல்லவில்லை. அந்தச் ‘சரிங்க’வை நான் இந்த மனுவில் மீறுவதாகத் தாங்கள் கருத வேண்டாம். மீறியவர் லட்சுமணசாமி அவர்களேதான்.

4. இருவரும் ஓய்வு பெற்றுத் தலை நரைத்த பிறகு, ஓர் ஆடி நோம்பிப் பண்டிகையன்று, லட்சுமணசாமி அவர்கள் தம் மகன் திரு. தம்பிதுரை அவர்களின் மோட்டார் சைக்கிளில் எங்கள் வளவுக்கு வந்து இறங்கினார். வாசலில் நின்று, “ஏனுங்க கருப்புசாமி, அந்த அரிசிம்பருப்பு இன்னும் ஆக்கறீங்களா?” என்று கேட்டார். என் தந்தையை அவர் ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டு நாங்கள் கேட்டது அன்றுதான். வளவே வேடிக்கை பார்க்க, உள்ளே வந்து, இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். என் தந்தை ஆணியிலிருந்து கரண்டியை எடுத்துப் பரிமாறினார். அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அம்மா வெளியே போய், “நீங்களும் ஒரு வாய் சாப்புட்டுப் போங்க தம்பி” என்று தம்பிதுரை அவர்களை அழைத்தார். “இல்லீங்க, இப்பத்தானுங்க சாப்புட்டு வந்தேன்” என்றார். மரியாதையில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

5. இன்று இரு பெரியவர்களும் இல்லை. அரங்கக் குழுவின் தலைவர் தம்பிதுரை அவர்கள். ஊரில் பட்டாளத்துக்குப் போன எல்லாருக்கும், எந்த வளவு என்று பாராமல், இடம் தர வேண்டும் என்று முன்னின்று கட்டுகிறார். அந்த நல்ல மனதை நான் மறுக்கவில்லை. அங்கே வைக்க என் தந்தையின் பொருள்களைக் கேட்டு அவரே வீட்டுக்கு வந்தார். அம்மா எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். கரண்டியை மட்டும் மப்ளரில் சுற்றிக் கொடுத்தார்.

சென்ற வாரம் அரங்கத்தைப் பார்க்க அம்மாவை அழைத்துச் சென்றேன். அந்தப் பயிற்சிக் காலப் புகைப்படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அதன் கீழே, ‘எதிரியின் குண்டு மழைக்கு நடுவே துப்பாக்கி ஏந்திப் போரிட்ட மாவீரர்’ என்று எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடிப் பெட்டியில் பதக்கங்கள் பளபளத்தன. கரண்டி இல்லை. அம்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “மொகம் எம்பட ஊட்டுக்காரரு மொகந்தானுங்க. ஆனா இந்தாள எனக்குத் தெரியாதுங்க” என்றார். அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

6. தம்பிதுரை அவர்களிடம் முறையிட்டேன். “சமையக்காரருன்னு போட்டா நல்லாவாங்க இருக்கும் அம்மணி? நாலு பேரு வந்து பாக்கற எடம். உங்க அப்பாவுக்கு மருவாதி பண்ணோணும்னுதானுங்க அப்படி எழுதுனேன்” என்றார். கல்வெட்டுக்கும் அதே வாசகத்தை எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் கஷ்டமே அதுதான் ஐயா. திட்டினால் திருப்பித் திட்டலாம். மரியாதை செய்கிறவரை என்ன செய்வது? நானும் அடுப்படியில் நிற்கிறவள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் என் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். சமைப்பது மூடி மறைக்க வேண்டிய தொழில் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

துப்பாக்கி பிடித்தார் என்று எழுதினால் என் தந்தை பத்தோடு பதினொன்று. சமைத்தார் என்று எழுதினால், யார் சாப்பிட்டார்கள் என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி வரக் கூடாது என்று தம்பிதுரை அவர்கள் நினைத்தாரா, அல்லது அந்த ஆடி நோம்பியையே மறந்துவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி வர வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

7. கரண்டி எங்கே என்று கேட்டதற்கு, பின்பக்கம் எங்காவது கிடக்கும் என்றார்கள் அரங்கத்தில் இருந்தவர்கள். போய்ப் பார்த்தால், வெளியூரிலிருந்து வந்த கல்வேலைக்காரர்கள் மூட்டிய அடுப்பில், அவர்கள் சோற்றுப் பானைக்குள் நின்றது. நான் சத்தம் போட ஆரம்பித்தேன். அம்மா என் கையைப் பிடித்து, “சும்மா இரு கண்ணு. அது சோறு போட்டுட்டுத்தான இருக்குது. பொய்யி உள்ள அந்தப் படத்துக்குக் கீழதான் இருக்குது” என்றார். வேலை முடிந்ததும் கழுவித் தந்தால் போதும் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அம்மா சமாதானமாகிவிட்டார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உப்புப் போட்ட சாம்பாருக்கே மறுபடி உப்புப் போட்டுவிட்டு வாடிக்கையாளர்களிடம் பேச்சு வாங்குகிறேன்.

8. ஆகவே தாங்கள் தலையிட்டு, கல் வெட்டும் வேலையை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். என் தந்தையின் பெயருக்குக் கீழே, ‘பட்டாளத்துச் சமையல்காரர். இவர் கையால் எல்லாரும் சாப்பிட்டார்கள்’ என்று மட்டும் வெட்டினால் போதும். மாவீரர் வேண்டாம். புகைப்படம் இருந்துவிட்டுப் போகட்டும். அதன் கீழுள்ள வாசகத்தை எடுத்துவிட்டு, பக்கத்தில் ஓர் ஆணி அடித்துக் கரண்டியை மாட்ட வேண்டும். கண்ணாடிப் பெட்டி தேவையில்லை.

திறப்பு விழாவன்று மட்டும் அந்தக் கரண்டியை ஆணியிலிருந்து எடுக்கத் தங்கள் அனுமதி வேண்டும். அம்மா அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, அரங்க வாசலில் பந்தி போடுவதாக இருக்கிறார். முதல் இலை தங்களுக்கு. அதற்கு அடுத்த இலை தம்பிதுரை அவர்களுக்கு. அவர் உட்காருவாரா மாட்டாரா என்பது அவர் விருப்பம். அதற்கு எந்த உத்தரவும் போடும்படி நாங்கள் கேட்கவில்லை. இலை மட்டும் போட்டு வைத்திருப்போம்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

க. பூங்கொடி
(சமையல்காரர் கருப்புசாமியின் மகள்)

மனுவைப் படிக்கக் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு வைத்த இடது கைப் பெருவிரல் ரேகை:
ராமாத்தாள்

இடம்: தாராபுரம்
நாள்: 29.12.2025